உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கியவர், ஒரு தத்துவத்தை மட்டும் சோதிக்கத் தயங்கியது ஏன்? யார் இந்த ஹால்டேன்?

ஆவடி என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது டாங்கி ஃபேக்டரி. ரஷ்ய வடிவமைப்பில் உருவான டி-72, டி-90 டாங்கிகள் தயாரிக்கப்பட்ட ஊர் இது. ஆனால் அந்த ஃபேக்டரி வருவதற்கு முன்பே ஆவடியின் பெயர் நாடு முழுக்கப் பேசப்பட்டது. காரணம், ஒரு தீர்மானம்.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. கட்சித் தலைவர் யு.என். தேபர். பிரதமர் நேரு. சென்னை மாகாண முதலமைச்சர் காமராஜர். இந்தியா சோஷலிச பாணி சமுதாயத்தை நோக்கிப் பயணிக்கும் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது.

அடுத்த ஆண்டே இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. அதற்கு வரைவு போட்டுக் கொடுத்தவர், கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நடத்திவந்த மகலனோபிஸ். இவர் அழைத்ததால் 1957-ல் ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி, லண்டன் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, இந்தியாவிலேயே தங்கிவிடும் முடிவோடு வந்து இறங்கினார்.

ஆறடிக்கு மேல் உயரம், வழுக்கைத் தலை, அடர்ந்த மீசை. கொஞ்ச நாளிலேயே வேட்டி, குர்தாவுக்கு மாறினார். அசைவத்தையும் விட்டார். அவர்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். 20-ம் நூற்றாண்டின் மிகப்பெரிய உயிரியல் விஞ்ஞானிகளில் ஒருவர். கூடவே, மார்க்சியத்துக்கு அறிவியலைச் சாட்சியாக நிறுத்தப் பார்த்து, அதற்குப் பெரிய விலை கொடுத்தவர்.

அவருக்கு என்ன நடந்தது? அந்தக் கதை இன்றைக்கும் ஏன் முக்கியம்? பார்க்கலாம்.

சுரங்கத்தில் மயங்கி விழுந்த சிறுவன்

1892 நவம்பர் 5-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார் ஹால்டேன். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சு எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் விஷ வாயு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சின்னப் பறவைகளைக் கொண்டுபோகும் வழக்கத்துக்குக் காரணமானவர் இவர்தான்.

அப்பா தன் மகனையும் சுரங்கத்துக்குள் கூட்டிப்போவார். ஒருமுறை வாயு தேங்கிய இடத்தில் நிற்கவைத்து, ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பையன் கொஞ்ச நேரத்தில் மயங்கி விழுந்தான். தரையோடு படுத்தால் மூச்சு திரும்பும், அந்த வாயு காற்றைவிட லேசானது, மேலேதான் தேங்கும் என்பதைப் புத்தகம் இல்லாமலே கற்றுக்கொண்டான்.

அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. ஒரு விஷயம் உண்மையா என்று தெரிய வேண்டுமா? தன் உடம்பிலேயே செய்து பார்ப்பது. ரத்தத்தில் அமிலம் ஏறினால் என்ன ஆகும் என்று பார்க்க, கண்டதையும் குடித்துப் பார்த்தார். அழுத்த அறைக்குள் உட்கார்ந்து செய்த சோதனைகளில் அவருக்கு வலிப்பு வந்தது, முதுகெலும்பு அடிபட்டது, காது ஜவ்வும் கிழிந்தது.

இதில் இன்னொரு ஆச்சரியம், அவரிடம் அறிவியல் பட்டமே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படிக்கத் தொடங்கி, கிரேக்க, லத்தீன் இலக்கியமும் தத்துவமும் படித்து முடித்தவர். முதல் உலகப் போரில் சண்டை போட்டு, மெசபடோமியாவில் காயம்பட்டு, சிகிச்சைக்காக இந்தியாவுக்கு வந்தார். இங்கே வெள்ளைக்காரர்கள் வாழ்ந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தியர்களோடு சமமாகப் பழக முடிகிற காலத்தில்தான் திரும்பி வர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

அந்துப்பூச்சியும் கணக்கும்

ஹால்டேனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலை 1924-ல் தொடங்கியது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வையும், மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டுபிடித்த மரபு விதிகளையும் கணக்குப் போட்டு ஒன்றாகச் சேர்த்தார். அடுத்த பத்து வருடங்களில் வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷர், அமெரிக்காவின் சூவல் ரைட், ஹால்டேன் ஆகிய மூன்று பேரும்தான் இன்றைய பரிணாம மரபியலுக்கு அடித்தளம் போட்டவர்கள்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் 1848 வாக்கில் கருப்பு நிற அந்துப்பூச்சி அபூர்வம். தொழிற்சாலைப் புகையால் மரங்கள் கரி படிந்து கருத்தன. ஐம்பது வருடத்தில் கருப்புப் பூச்சிகளே பெரும்பான்மை ஆகிவிட்டன. இவ்வளவு வேகமாக மாற வேண்டும் என்றால், வெளிர் நிறப் பூச்சியைவிடக் கருப்புப் பூச்சி சுமார் 50 சதவீதம் கூடுதலாகப் பிழைத்துச் சந்ததி விட்டிருக்க வேண்டும் என்று ஹால்டேன் கணக்குப் போட்டார்.

அப்போது பலர் இதை நம்பவில்லை. இவ்வளவு பெரிய வித்தியாசமா என்று சந்தேகப்பட்டார்கள். ஆனால் 1950-களில் பூச்சிகளைப் பிடித்து, அடையாளம் வைத்து, காட்டில் விட்டுப் பார்த்தபோது, வித்தியாசம் உண்மையிலேயே பெரிது என்று தெரிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கு தப்பாகப் போவதற்கு வாய்ப்பு இருந்தது. காட்டில் போய்ப் பார்த்தால் பொய் என்று தெரிந்திருக்கலாம். அப்படித் தெரியவில்லை என்பதால்தான் அதற்கு மதிப்பு. இந்த வேலையை அவர் செய்தபோது மார்க்சியவாதியும் இல்லை.

சிவப்புப் பக்கம் சாய்ந்தது எப்படி?

1928-ல் ஹால்டேன் சோவியத் யூனியனுக்குப் போனார். அழைத்தவர் நிக்கோலாய் வாவிலோவ். உலகம் முழுக்கச் சுற்றி 2 லட்சத்துக்கும் அதிகமான விதை மாதிரிகளைச் சேர்த்த பயிர் விஞ்ஞானி. அறிவியலுக்கு ஒரு அரசாங்கம் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறதே என்ற வியப்போடு ஹால்டேன் திரும்பினார்.

அதன்பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தது. வேலையில்லாத் திண்டாட்டம். ஜெர்மனியில் ஹிட்லர் வந்தார். அங்கே மரபியலின் பெயரைச் சொல்லியே, இந்த இனம் உயர்ந்தது, அந்த இனம் தாழ்ந்தது என்று சட்டம் போட்டார்கள். மரபியல் தெரிந்தவர் என்ற முறையில் இது எவ்வளவு பெரிய மோசடி என்பது ஹால்டேனுக்கு நன்றாகத் தெரியும். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது நேரில் போய், குண்டுவீச்சிலிருந்து மக்களை எப்படிக் காப்பாற்றுவது என்று ஆராய்ந்தார். திரும்பி வந்து, லண்டனில் ஆழமான பதுங்குகுழிகள் வேண்டும் என்று அரசாங்கத்தோடு மோதினார்.

ஃபாசிசத்தை எதிர்த்து உருப்படியாகச் சண்டை போடுவது கம்யூனிஸ்டுகள்தான் என்று அவருக்குத் தோன்றியது. டெய்லி ஒர்க்கர் என்ற கட்சிப் பத்திரிகையில் சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி 300-க்கும் மேற்பட்ட அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1942-ல் முறைப்படி கட்சியிலும் சேர்ந்தார்.

அரசியல் என்ற அளவில் இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் தொடங்கியது.

நெல்மணியும் மூன்று விதிகளும்

மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ், இயற்கையின் இயக்கவியல் என்று ஒரு நூலை எழுதி முடிக்காமலே இறந்துபோனார். அது 1925-ல்தான் மாஸ்கோவில் அச்சானது. சமுதாயம் மட்டுமல்ல, இயற்கையும் சில பொதுவான விதிகளின்படிதான் நகர்கிறது என்பது அதன் சாரம். இயக்கவியல் பொருள்முதல்வாதம் என்று தமிழில் சொல்வது இதைத்தான்.

கேட்கக் கடினமாக இருந்தாலும் விஷயம் சுலபம்தான். மூன்று விதிகள்.

முதலாவது, அளவு மாற்றம் ஒரு கட்டத்தில் பண்பு மாற்றம் ஆகும். தண்ணீர் சூடாகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஆவியாகிறது அல்லவா, அதுபோல.

இரண்டாவது, ஒவ்வொரு பொருளுக்குள்ளும் எதிரெதிரான இரண்டு சக்திகள் சேர்ந்தும் இருக்கும், மோதிக்கொண்டும் இருக்கும். காந்தத்தின் இரு துருவங்கள் மாதிரி.

மூன்றாவது, நிலைமறுப்பின் நிலைமறுப்பு. எங்கெல்ஸ் பார்லி விதையைச் சொன்னார். நாம் நெல்லை எடுத்துக்கொள்ளலாம். நெல்மணி முளைத்தால் மணி அழிந்து பயிர் வருகிறது. அது முதல் மறுப்பு. பயிர் முற்றிக் காய்ந்து, பழையபடி நெல்மணிகள் வருகின்றன. அது இரண்டாவது மறுப்பு. ஆனால் இப்போது ஒன்றுக்குப் பதில் நூறு மணிகள்.

இதே மாதிரிதான் முதலாளித்துவம் தனக்குள் இருக்கும் மோதலால் உடைந்து சோஷலிசம் வரும், அது இயற்கை விதி என்பது வாதம். இயற்கையே அப்படித்தான் நடக்கிறது என்று விஞ்ஞானி ஒருவர் சான்றிதழ் கொடுத்தால், அரசியலுக்கு எவ்வளவு பலம்?

அந்தச் சான்றிதழைத்தான் ஹால்டேன் கொடுத்தார். 1937-ல் பரிணாமத்துக்கே இயக்கவியல் விளக்கம் எழுதினார். மரபு ஒரு பக்கம், அதற்கு எதிராகத் திடீர் மாற்றம், இரண்டும் மோதி வருவது வேறுபாடு. அந்த வேறுபாடு ஒரு பக்கம், எதிராக இயற்கைத் தேர்வு, இரண்டும் சேர்ந்து வருவது பரிணாமம். இப்படி அடுக்கிக்கொண்டே போனார். 1938-ல் மார்க்சியத் தத்துவமும் அறிவியல்களும் பற்றி ஒரு புத்தகமே போட்டார். 1940-ல் எங்கெல்ஸ் நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரையும் குறிப்புகளும் எழுதினார்.

இதில் என்ன தப்பு?

கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்புறம் என்ன பிரச்சினை?

நெல்மணிக்கே திரும்பி வருவோம். அதை விதைக்காமல் ஊறவைத்துக் கிரைண்டரில் போட்டு அரைத்தால்? அதுவும் மணியின் மறுப்புதானே? ஆனால் நூறு மணி வராது, மாவுதான் வரும். எது சரியான மறுப்பு, எது இல்லை என்பதை யார் முடிவு செய்வது? விளைவைப் பார்த்த பிறகு சொல்பவர்தான்.

மெண்டலின் விதியை எடுத்துக்கொண்டால் கதையே வேறு. குட்டை, நெட்டைப் பட்டாணிகளைக் கலந்தால், இரண்டாம் தலைமுறையில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை வரும் என்று முன்கூட்டியே சொல்கிறது. 400 செடி வளர்த்து, அதில் 200 குட்டையாக இருந்தால் விதி அங்கேயே மாட்டிக்கொள்ளும். இயக்கவியல் அப்படி எங்கேயும் மாட்டுவதில்லை. எது நடந்தாலும் அதற்குள் பொருத்திக் காட்டலாம்.

அந்துப்பூச்சிக் கணக்கு 1924-லேயே முடிந்துவிட்டது. அதற்கு மார்க்ஸ் தேவைப்படவில்லை. 1937-ல் செய்தது, முடிந்த கணக்குக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டியது மட்டும்தான். பலகையைக் கழற்றினாலும் கணக்கு அப்படியே நிற்கும். ஆனால் கணக்கு நிற்பதைக் காட்டி, பலகையும் உண்மை என்று சொன்னதுதான் பிழை.

மார்க்சியம் சரியா தப்பா என்பது வேறு கேள்வி. கூலி, சுரண்டல், சொத்து பற்றி அது சொல்வதை அந்தந்தத் தளத்தில் வைத்து விவாதிக்கலாம். பூச்சியின் நிறமோ, நெல் முளைப்பதோ அதற்குச் சாட்சி சொல்ல முடியாது. ஹிட்லர் ஆட்கள் இனவெறிக்கு மரபியலைச் சாட்சிக்கு இழுத்ததும் இதே தவறுதான். நோக்கம் வேறாக இருக்கலாம், முறை ஒன்றுதான்.

வெறும் பெயர்ப்பலகைதானே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். சோவியத் யூனியனில் அதற்கு உயிர்களே போயின.

நண்பரைத் தின்ற தத்துவம்

உக்ரைனில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1898-ல் பிறந்தவர் ட்ரோஃபிம் லைசென்கோ. கோதுமை விதையை ஈரமாக்கிக் குளிரில் வைத்தால் சீக்கிரம் விளையும் என்று சொல்லிப் பிரபலமானார். அந்த முறை ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சூழலால் செடியில் ஏற்படும் மாற்றம் வாரிசுகளுக்கும் போகும், ஒரு பயிரை இன்னொரு பயிராகவே மாற்றலாம், ஜீன் என்று ஒன்று கிடையவே கிடையாது என்றார்.

இதற்குத் தத்துவச் சாயம் பூசிக் கொடுத்தார் ஐசக் பிரெசென்ட் என்பவர். மாறாத ஜீன் என்பது முதலாளித்துவக் கற்பனை, எல்லாம் மாறும் என்பதுதான் இயக்கவியல். சமூகத்தை மாற்றினால் மனிதன் மாறுவான், நிலத்தை மாற்றினால் பயிர் மாறும். பஞ்சத்தில் அடிபட்ட நாட்டுக்கு, உடனடி விளைச்சல் என்ற வாக்குறுதி இனித்தது. ஸ்டாலினுக்கும் பிடித்துப்போனது.

இதில்தான் ஒரு விசித்திரம் இருக்கிறது. சோவியத் மரபியல் விஞ்ஞானிகளும் மார்க்சியம் பேசினார்கள். ஜீன் கொள்கைதான் இயக்கவியலுக்குப் பொருந்துகிறது என்று ஆகோல், லெவிட் போன்றவர்கள் எழுதினார்கள். லண்டனிலிருந்து ஹால்டேனும் அதையே சொன்னார். எதிர்ப்பக்கம் லைசென்கோ, அதே தத்துவத்தை வைத்து ஜீனே இல்லை என்றார்.

ஒரே தராசு, இரண்டு நேர் எதிரான எடை. தராசால் முடிவு சொல்ல முடியவில்லை. அதனால் அதிகாரம் முடிவு சொன்னது. ஆகோல் 1937-லும் லெவிட் 1938-லும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1939-ல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார் வாவிலோவ். அவர் வரவில்லை. வர அனுமதி கிடைக்கவில்லை. 1940 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். உலகத்தின் பசியைப் போக்க விதை சேர்த்த மனிதர், 1943 ஜனவரி 26-ல் சரதோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார்.

அதே சமயத்தில், ஜெர்மன் படை முற்றுகையிட்ட லெனின்கிராடில் அவருடைய விதை வங்கி ஊழியர்கள் சிலர், சுற்றிலும் அரிசியும் கோதுமையும் பயறும் மூட்டை மூட்டையாக இருந்தும் அதைத் தொடாமல் பசியிலேயே இறந்துபோனார்கள்.

1948: பேச வேண்டிய நேரம்

1948 ஆகஸ்டில் மாஸ்கோவில் வேளாண் அறிவியல் கழகக் கூட்டம் நடந்தது. தன் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழுவே பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று லைசென்கோ அறிவித்தார். அவ்வளவுதான். சோவியத் யூனியனில் மரபியல் பாடம் நிறுத்தப்பட்டது. ஆய்வகங்கள் மூடப்பட்டன. பலர் வேலை இழந்தார்கள்.

உலகம் முழுக்க விஞ்ஞானிகள் கொதித்தார்கள். மாஸ்கோவிலேயே சில வருடம் வேலை பார்த்த அமெரிக்க மரபியலாளர் முல்லர், சோவியத் அறிவியல் கழகத்தில் தனக்கிருந்த உறுப்பினர் பதவியைத் தூக்கி எறிந்தார். பிரிட்டனின் நோபல் விஞ்ஞானி ஹென்றி டேலும் அதையே செய்தார்.

எல்லாருடைய பார்வையும் ஹால்டேன் மீது. மரபியலும் தெரியும், கட்சியிலும் இருக்கிறார், வாவிலோவோ அவருடைய நண்பர். அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

1948 நவம்பரில் பிபிசி வானொலி நான்கு விஞ்ஞானிகளைப் பேச வைத்தது. மற்ற மூன்று பேரும் லைசென்கோவைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஹால்டேன் மட்டும் மழுப்பினார். மெண்டல் விதி தப்பு என்பதை ஏற்கவில்லை என்றார். ஆனால் லைசென்கோ சொல்வதில் சிலது சரியாக இருக்கலாம், முழு விவரமும் கையில் வரும்வரை தீர்ப்புச் சொல்ல முடியாது என்கிற ரீதியில் பேசினார்.

விஷ வாயுவைத் தானே மூச்சிழுத்துப் பார்த்தவர். 1939-ல் தீட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபோது, அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று தெரிந்துகொள்ள மூடிய அறைக்குள் தன்னையே அடைத்துக்கொண்டவர். அப்படிப்பட்டவருக்கு, லைசென்கோவின் கோதுமையைச் சோதிக்க ஆதாரம் கேட்டு உரக்கக் குரல் கொடுக்க முடியவில்லை.

கோழையா அவர்? அப்படிச் சொல்லிவிட முடியாது. கட்சிக்குள் சண்டை போட்டார். கட்சி வட்டார இதழிலேயே மரபியலை ஆதரித்து எழுதினார். ஆனால் அதுவும் உள்வீட்டுச் சண்டையாகவே நின்றது. வெளியில் பேசினால் எதிரிக்குச் சாதகமாகிவிடும் என்ற எண்ணம், விசுவாசம், இத்தனை வருடம் எழுதியதெல்லாம் வீணாகுமே என்ற வலி. எது அதிகம் என்று யாரும் அளந்து சொல்ல முடியாது.

1950 வாக்கில் சத்தமில்லாமல் கட்சியை விட்டு விலகினார். டெய்லி ஒர்க்கர் கட்டுரைகளும் நின்றன. ஆனால் நான் தப்புக் கணக்குப் போட்டேன் என்று பகிரங்கமாக அவர் சொல்லவே இல்லை. ஸ்டாலின் மீதான மரியாதையும் கடைசிவரை முழுசாகப் போகவில்லை.

நீலகிரியில் கிடைத்த சாட்சி

சோவியத் யூனியனில் ஜீனே இல்லை என்று அரசாணை போட்ட அதே காலகட்டத்தில், ஹால்டேன் தன் வாழ்க்கையின் மிக அழகான யோசனைகளில் ஒன்றை முன்வைத்தார்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் மத்தியதரைக் கடல் பகுதியில் அதிகம். உயிரைக் கொல்லும் ஜீன் ஏன் அழியாமல் இத்தனை பேரிடம் இருக்கிறது? ஒருவேளை, அந்த ஜீன் ஒன்று மட்டும் இருப்பவர்களுக்கு மலேரியாவைத் தாங்கும் சக்தி கிடைக்கிறதோ? 1949 வாக்கில் அவர் கேட்ட கேள்வி இது.

1954-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆன்டனி அலிசன், அரிவாள் செல் ஜீனை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். யோசனை சரி என்று வந்தது.

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் ஜீன் இருப்பது முதன்முதலில் தெரியவந்தது நம்ம நீலகிரியில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டறிந்தார்கள். நீலகிரிப் பழங்குடி மக்களுக்கு இன்றும் அரிவாள் செல் பரிசோதனை நடக்கிறது. ஒரு குழந்தைக்கு அந்த நோய் வருமா என்று சொல்ல மருத்துவர்கள் பயன்படுத்துவது, மெண்டல் பட்டாணியில் கண்ட அதே விகிதங்களைத்தான். லைசென்கோவின் வழியில் போயிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழி இருந்திருக்காது.

வேட்டி கட்டிய கடைசி ஏழு வருடங்கள்

1957-ல் ஹால்டேன் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியா வந்தார். சூயஸ் கால்வாய் விவகாரத்தில் எகிப்து மீது பிரிட்டன் படையெடுத்ததை எதிர்த்து வெளியேறுவதாகச் சொன்னார். அறுபது வருடம் சாக்ஸ் போட்டது போதும் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று!

ஆவடித் தீர்மானத்தின் இந்தியா அவரை ஈர்த்தது. சோஷலிசம் பேசுகிற நாடு. ஆனால் விஞ்ஞானி எந்தத் தத்துவத்தைப் பேச வேண்டும் என்று இங்கே யாரும் கட்டளை போடவில்லை.

இங்கே அவர் செய்த வேலையில் இயக்கவியல் பலகைகள் அதிகம் இல்லை. எண்ணுவது, அளப்பது, கவனிப்பது. பெரிய மெஷின் வாங்கப் பணம் இல்லையா? கண்ணும் நோட்டும் போதும் என்று இளைஞர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். ஒருவர் பவளமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார். இன்னொருவர் ஆட்காட்டிப் பறவையின் கூட்டைக் கவனித்தார். டி.ஏ. டேவிஸ் என்பவர் தென்னை மரத்தின் மட்டைகள் இடப்பக்கம் சுற்றுகிறதா, வலப்பக்கமா என்று பார்த்து, இடது சுற்று மரங்கள் கூடுதல் காய் தருவதாகக் கணக்கிட்டார். ஆந்திராவில் சொந்தத்துக்குள் நடக்கும் திருமணங்கள் பற்றியும் ஆய்வு நடந்தது.

எல்லாமே போய்ப் பார்த்தால் தப்பு என்று தெரியக்கூடிய கணக்குகள். மான்செஸ்டர் அந்துப்பூச்சி மாதிரி.

கோபம் மட்டும் குறையவில்லை. 1961-ல் கல்கத்தா நிறுவனத்தோடு மோதி வெளியேறினார். 1962-ல் ஒடிசா அரசின் உதவியோடு புவனேஸ்வரில் தனி ஆய்வகம் தொடங்கினார். இந்தியக் குடிமகனாகவும் ஆனார். அடுத்து புற்றுநோய் வந்தது. லண்டன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அந்த நோயைக் கிண்டலடித்து ஒரு கவிதை எழுதினார்.

1964 டிசம்பர் 1-ல் புவனேஸ்வரில் காலமானார். வயது 72. உடம்பைச் சோதனைக்குக் கொடுப்பது அவருக்குப் புதிதல்ல. அதனால் கடைசியாக ஒருமுறையும் கொடுத்தார். அவருடைய விருப்பப்படி, மாணவர்கள் படிப்பதற்காக அவர் உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

அவர் பார்க்காமல் போன முடிவு

ஹால்டேன் இறப்பதற்கு ஆறேழு வாரம் முன்புதான் சோவியத் தலைவர் குருஷேவ் பதவி இழந்தார். ஸ்டாலினுக்குப் பிறகு லைசென்கோவுக்குக் குடை பிடித்தவர் அவர்தான். 1965-ல் லைசென்கோ மரபியல் நிறுவனத் தலைவர் பதவியிலிருந்து தூக்கப்பட்டார். பாடப் புத்தகத்துக்கு ஜீன் திரும்பி வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை விஞ்ஞானிகள் தொலைந்துபோயிருந்தார்கள்.

வாவிலோவ் மீதான குற்றச்சாட்டுகள் பொய் என்று சோவியத் அரசே ஒப்புக்கொண்டது 1955-ல். ஆவடியில் சோஷலிசத் தீர்மானம் நிறைவேறிய அதே வருடம். இறந்து 12 வருடம் கழித்து வந்த நீதி அது.

சரி, இதிலிருந்து நமக்கு என்ன?

அறிவியல் நம் பக்கம் இருக்கிறது என்று சொல்ல எல்லாருக்கும் ஆசை. கட்சிக்கும் ஆசை, மதத்துக்கும் ஆசை, குவான்டம் என்று பெயர் போட்டு காப்பு, வளையம் விற்கிற கம்பெனிக்கும் ஆசை. வாட்ஸ்அப்பில் தினமும் ஒன்று வருகிறது. ஹால்டேன் அளவு அறிவாளியே அதில் சறுக்கியிருக்கிறார் என்றால், நாம் சறுக்குவது பெரிய விஷயம் இல்லை.

தப்பிக்க அவர் வாழ்க்கையிலேயே ஒரு வழி இருக்கிறது. மான்செஸ்டர் பூச்சியிலும் தென்னை மட்டையிலும் அவர் தவறாமல் செய்ததை, தத்துவத்தில் மட்டும் செய்யாமல் விட்டார். அது ஒரே ஒரு கேள்வி.

அடுத்த முறை யாராவது இதை அறிவியலே நிரூபித்துவிட்டது என்று சொன்னால், சண்டை போட வேண்டாம். எது நடந்தால் இது தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் வந்தால், மேற்கொண்டு பேசலாம். எது நடந்தாலும் நாங்க சொன்னதுதான் சரி என்று பதில் வந்தால், அங்கே அறிவியல் இல்லை, அதன் பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது.